பயோட்டின் மாத்திரை வாங்குவதற்கு முன்: முடி, தோல், நகம் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முடி கொட்டுகிறது என்று வாயைத் திறந்தால் போதும், "பயோட்டின் போடுங்க" என்ற பதில் உடனே வரும். தோழி சொல்வார், அழகு நிலையத்தில் சொல்வார்கள், இன்ஸ்டாகிராமில் தினமும் யாராவது சொல்வார்கள். நான் மருந்துக்கடை கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவன். இந்த மாத்திரையைக் கேட்டு வருகிறவர்களில் கல்லூரி மாணவிகள், குழந்தை பெற்றுச் சில மாதங்கள் ஆன தாய்மார்கள், கல்யாணம் நிச்சயமான இளைஞர்கள் அதிகம். கூட்டம் நிற்கும் கவுண்டரில் அவர்களிடம் முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

சுருக்கம் இதுதான். உடம்பில் பயோட்டின் குறைந்தவர்களுக்கு அது அருமருந்து. குறையாதவர்களுக்கு அது முடியை வளர்க்கும் என்று சொல்ல நல்ல ஆதாரம் இல்லை. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. காசு கொடுப்பது அதற்கு அப்புறம்.

படி 1: பயோட்டினுக்கு உடம்பில் என்ன வேலை

பயோட்டின் பி வகை வைட்டமின்களில் ஒன்று. சில அட்டைகளில் வைட்டமின் பி7 என்று போட்டிருக்கும். தண்ணீரில் கரையும். நம் உடம்பில் கார்பாக்சிலேஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த 5 நொதிகள் இது இல்லாமல் இயங்காது. கொழுப்பு அமிலங்களை உருவாக்குவது, சில அமினோ அமிலங்களை உடைப்பது, சாப்பிடாத நேரத்தில் குளுக்கோஸ் தயாரிப்பது எல்லாம் இந்த நொதிகளின் பொறுப்பு.

முடியும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. கெரட்டினுக்குள் பயோட்டின் கிடையாது. ஆனால் முடி வேரில் இருக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுகிறவை. தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கக் கொழுப்பு தேவை. அந்த 5 நொதிகள் மந்தமானால் முடியிலும் தோலிலும் அது சீக்கிரம் தெரிய ஆரம்பிப்பது இதனால்தான்.

இந்த வைட்டமின் கண்டுபிடிக்கப்பட்ட கதையே முட்டையைச் சுற்றி நடந்தது. 1927இல் லண்டனில் மார்கரெட் போவாஸ் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்குப் புரதமாகப் பச்சை முட்டை வெள்ளைக்கருவைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்குத் தோல் அழன்று முடி உதிர்ந்தது. வேறு சில உணவுகளைச் சேர்த்ததும் சரியானது. வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடலில் சேர விடாமல் செய்கிறது என்பது பின்னால் தெரிந்தது. 1936இல் கோகல், டோனிஸ் என்ற இருவர் பயோட்டினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து? முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து. தடுப்பதும் கொடுப்பதும் ஒரே முட்டைக்குள்ளேயே இருக்கின்றன.

பயோட்டின் இல்லாவிட்டால் முடி கொட்டும் என்பது இப்படி உறுதியானது. அதிகமாகப் போட்டால் அதிகமாக வளரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. விளம்பரங்கள் முதல் உண்மையைக் காட்டி இரண்டாவதை விற்கின்றன. இந்த இடத்தில் மட்டும் தெளிவாக இருந்தால் மீதிப் படிகள் சுலபம்.

படி 2: கொட்டுகிற முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. தலைக்குக் குளிக்கிற அன்று அதைவிட அதிகமாகத் தெரியும், ஏனென்றால் முந்தைய நாட்களில் தளர்ந்து நின்றவையும் சேர்ந்து வருகின்றன. வாரம் ஒருமுறை மட்டும் தலைக்கு ஊற்றுகிறவர்கள் குளியலறையில் கிடக்கும் சுருளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உதிர்ந்த முடியில் நாலைந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழே இல்லாமல், நீளமும் குறைவாக இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. ஒடிகிற முடிக்குக் காரணம் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும்: ஸ்ட்ரெய்ட்டனிங், கலரிங், ஈரத்தலையில் அழுத்திச் சீவுவது. அதற்கு எந்த மாத்திரையும் உதவாது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்ற இழை.

வேரோடு உதிர்கிறது என்றால், கடந்த மூன்று நான்கு மாதங்களை நினைத்துப் பாருங்கள். பிரசவம், டெங்கு, டைபாய்டு, கொரோனா, அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடையைக் குறைத்தது, பெரிய துக்கம் என்று ஏதாவது நடந்ததா? உடம்புக்கு அதிர்ச்சி வந்தால் வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடிகளில் கணிசமானவை ஒரே நேரத்தில் ஓய்வுக் கட்டத்துக்குப் போய்விடும். ஓய்வு சுமார் 2 முதல் 3 மாதம். அதன் பிறகே அவை கொத்தாக உதிரும். காய்ச்சல் போய் ஆளே மறந்துபோன பிறகு முடி கொட்டுவதால் யாருக்கும் இந்தத் தொடர்பு தோன்றுவதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால் இந்த வகை உதிர்வு பெரும்பாலும் தானே அடங்கும். பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடி, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வந்துவிடும். பயோட்டின் புகழின் ஒரு பெரிய பகுதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போது மாத்திரையைத் தொடங்குகிறார்கள். அது தானாக அடங்கும் நேரத்தில் மாத்திரை கையில் இருக்கிறது. பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

வேறு சில அடையாளங்களும் உண்டு. நடு வகிடு அகலமாகிக்கொண்டே போனால், அல்லது ஆண்களுக்கு நெற்றி மேலேறி உச்சி மெலிந்தால், அது பரம்பரையோடும் ஹார்மோனோடும் சேர்ந்த வழுக்கை வகை. அதற்கு மினாக்சிடில் போன்ற நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. பயோட்டினை நம்பி அதில் ஒரு வருடத்தைக் கழிப்பது பெரிய நஷ்டம், ஏனென்றால் அந்தச் சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். காசு அளவுக்கு வட்டமாக வழுவழுவென்று முடி போயிருந்தால் அது புழுவெட்டு. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அங்கே புழு எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். காதோரமும் நெற்றி ஓரமும் மட்டும் மெலிந்திருந்தால் பின்னலை எவ்வளவு இறுக்கிப் போடுகிறீர்கள் என்று கவனியுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் கட்டி இரட்டைப் பின்னல் போடும் பிள்ளைகளுக்கும் இது வரும்.

படி 3: உங்களுக்கு உண்மையிலேயே பயோட்டின் குறைய வாய்ப்பு உண்டா

பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. பாலூட்டும் தாய்க்கு 35. ஐரோப்பியக் கணக்கு பெரியவர்களுக்கு 40. எதை எடுத்தாலும் இது மிகச் சின்ன அளவு. ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவருக்கு வெளிப்படையாகத் தெரியும் அளவுக்குக் குறைபாடு வருவது அரிது. உடம்பும் இதை வீணாக்காமல், பயோட்டினிடேஸ் என்ற நொதியின் உதவியால் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது.

கீழே இருப்பவர்களுக்கு மட்டும் சந்தேகப்படக் காரணம் உண்டு.

வலிப்புக்கு வால்ப்ரோயேட், கார்பமாசெபின், பெனிடாயின், பினோபார்பிட்டல் போன்றவற்றை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள். இந்த மருந்துகள் பயோட்டின் அளவைக் குறைக்கக்கூடும். வால்ப்ரோயேட்டுக்கு முடி உதிர்வு தெரிந்த பக்கவிளைவும் கூட. முடி கொட்டுகிறதே என்று வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. அது உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் முடியைப் பற்றிச் சொல்லுங்கள், அவர் வழி செய்வார்.

நீண்ட காலமாக அதிகம் மது அருந்துகிறவர்கள், குடலின் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்தவர்கள், மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள், நரம்பு வழியாக மட்டும் உணவு ஏற்றப்படுகிறவர்கள்.

கர்ப்பிணிகள். கர்ப்ப காலத்தில் பயோட்டின் வேகமாகச் செலவாவதால் லேசான குறைவு பலருக்கு வருகிறது. அதற்காகத் தனியாக வாங்கிப் போட வேண்டியதில்லை. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையும் நல்ல சாப்பாடும் போதுமா என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள்.

அப்புறம், தினமும் பச்சை முட்டை குடிக்கிறவர்கள். ஜிம்முக்குப் போகும் பையன்கள் சிலர் ஒரே மூச்சில் பல வெள்ளைக்கருவைக் குடிக்கிறார்கள். அதையே மாதக்கணக்கில் செய்தால் அவிடின் தன் வேலையைக் காட்டும். வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும், புரதமும் நன்றாகச் செரிக்கும், சால்மொனெல்லா கிருமி பயமும் போகும். நம் ஊரில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக நல்லெண்ணெயோடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. சில நாள் கொடுப்பதால் பயோட்டின் குறைந்துவிடாது. ஆனாலும் கிருமிக்காக, அரைவேக்காடுகூட இல்லாமல் நன்றாக வேகவைத்தே கொடுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உளுந்தங்களியை விட்டுவிடச் சொல்லவில்லை, அது நல்ல சாப்பாடு.

உண்மையான குறைபாட்டில் முடி மட்டும் தனியாகக் கொட்டாது. கண், மூக்கு, வாய் ஓரங்களிலும் தொடையிடுக்கிலும் செதில் செதிலாகச் சிவந்த தடிப்பு வரும். கண் சிவந்து உறுத்தும். சோர்வு, மனச்சோர்வு, கை கால் மரத்துப்போதல் சேரும். இதில் எதுவும் இல்லாமல் முடி மட்டும் கொட்டினால் பயோட்டினைவிட வேறு காரணத்துக்கே வாய்ப்பு அதிகம்.

படி 4: தட்டைச் சரிபார்க்கலாம்

வேகவைத்த ஒரு முட்டையில் சுமார் 10 மைக்ரோகிராம் இருக்கிறது, அதாவது ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ஈரல்தான் எல்லாவற்றுக்கும் மேல்: 85 கிராம் மாட்டு ஈரலில் சுமார் 31 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவை முழுதும் முடிந்தது. ஆட்டு ஈரலும் கோழி ஈரலும் நல்லவையே. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேர்க்கடலை பெரிய துணை. ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், 5 மைக்ரோகிராம் வரை தரும். அரை கப் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 2.4, கால் கப் சூரியகாந்தி விதையில் 2.6, கால் கப் பாதாமில் 1.5. விலை உயர்ந்த பாதாமைவிட வேர்க்கடலை இந்த விஷயத்தில் முன்னால் நிற்கிறது என்பதை மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். காளான், பருப்பு, முழுதானியங்களிலும் உண்டு. பால், வாழைப்பழம், கீரை ஆகியவற்றில் கொஞ்சம்தான். அவற்றை வேறு சத்துகளுக்காகச் சாப்பிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று புரதம். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் ரசம் சாதம், ராத்திரி இரண்டு தோசை என்று ஓட்டுகிறவருக்கு முடி வளர்க்கக் கச்சாப் பொருளே போய்ச் சேர்வதில்லை. அவருக்கு முதலில் தேவைப்படுவது சுண்டல், பருப்பு, முட்டை, மீன், தயிர்.

படி 5: மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். குடும்ப மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் வைட்டமின் பி12, வைட்டமின் டி அளவுகளையும் சேர்ப்பார்.

காரணம் சொல்கிறேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். அப்போதும் முடி மெலியலாம். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும், தோல் வறளும், நகம் ஒடியும், அதாவது பயோட்டின் விளம்பரத்தில் வரும் மூன்றுமே வரும். இந்த நிலையில் ஒருவர் பயோட்டினைப் போட்டுக்கொண்டு காத்திருப்பது, உண்மையான நோயை வளர விடுவதில் போய் முடியும்.

இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தால் டீ, காபியோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்போடு போட்டால் நன்றாகச் சேரும்.

பரிசோதனையை பயோட்டின் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஏன் முன்பே என்பதற்கான பதில் படி 7இல் இருக்கிறது.

படி 6: அட்டையைப் படிப்பது எப்படி

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள், அல்லது மருத்துவரே எழுதியிருக்கிறார். அட்டையைத் திருப்பி அளவைப் பாருங்கள். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம். கடைகளில் அதிகம் போகும் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை 10 மில்லிகிராம்; அது ஒரு நாள் தேவையைப் போல 300 மடங்குக்கும் மேல். ஒரு பெட்டியில் 10 என்றும் இன்னொன்றில் 10,000 என்றும் இருப்பதைப் பார்த்து இரண்டாவது வீரியமானது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றே. அலகை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு போட்டால் விஷமாகுமா என்று கேட்பார்கள். தண்ணீரில் கரைவதால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். அதிகபட்ச அளவு என்று எதுவும் வரையறுக்கப்படவில்லை. ஆனால் 'முடி, தோல், நகம்' என்று பெயர் போட்ட கலவை மாத்திரைகளில் பயோட்டின் மட்டும் இருப்பதில்லை. வைட்டமின் ஏ, செலினியம், துத்தநாகம், இரும்பு, கால்சியம் எல்லாம் சேர்ந்திருக்கும். வைட்டமின் ஏவும் செலினியமும் அளவுக்கு மீறினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும். ஏற்கெனவே ஒரு மல்டிவைட்டமின் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் இரட்டிப்பாகிவிடும். தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்போ கால்சியமோ உள்ள கலவைக்கும் தைராக்சினுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தைராக்சின் சரியாகச் சேராது.

கம்மீஸ் என்று மிட்டாய் போல வருவதில் சர்க்கரை இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பயோட்டின் ஷாம்புக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். தலையில் சில நிமிடம் இருந்து கழுவிப் போகிற பயோட்டின் முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. பொடுகு இருந்தால் பொடுகுக்கான கீட்டோகோனசோல் ஷாம்பு உதவும், அதற்குச் செலவழியுங்கள்.

படி 7: பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்று லேபில் சொல்லுங்கள்

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பல ரத்தப் பரிசோதனைக் கருவிகள் பயோட்டினையே ஒரு கருவியாகப் பயன்படுத்துகின்றன. பயோட்டினும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதமும் மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிடிப்பை வைத்துத்தான், தேடுகிற ஹார்மோனை ரத்த மாதிரியிலிருந்து கருவி பிடித்து அளக்கிறது. உங்கள் ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் நிறைய இருந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அது முன்னாலேயே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அளக்க வேண்டியது வெளியே நின்றுவிடும். எண் தவறாக வரும்.

எந்தப் பக்கம் தவறும் என்பது பரிசோதனையின் வகையைப் பொறுத்தது. டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மருத்துவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றே தோன்றும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கிவிடலாம். ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுகிற ஒருவருக்கு அளவைத் தவறாகக் குறைத்துவிடலாம். அப்புறம் அவருக்கு முடி இன்னும் கொட்டும். முடிக்காகத் தொடங்கிய மாத்திரையே முடிக்குக் கெடுதலாக முடியும் வழி இது. வைட்டமின் டி அளவு கூடுதலாகத் தெரியலாம், கர்ப்பத்துக்கான ஹார்மோன் பரிசோதனை குறைவாகக் காட்டலாம்.

இதயத்துக்கான ட்ரோபோனின் பரிசோதனைதான் மிகவும் கவலைக்குரியது. மாரடைப்பா என்று அவசரத்தில் பார்க்கும் பரிசோதனை அது. பயோட்டினால் அது பொய்யாகக் குறைந்து, மாரடைப்பு இல்லை என்று காட்டிவிடக்கூடும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இது பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதிக அளவு பயோட்டின் சாப்பிட்ட ஒருவர், ட்ரோபோனின் தவறாகக் குறைவாக வந்த நிலையில் இறந்ததாக வந்த தகவலையும் அதில் குறிப்பிட்டது. 2019இல் எச்சரிக்கையைப் புதுப்பித்தது. அதன் பிறகு சில நிறுவனங்கள் தங்கள் கிட்டுகளை மாற்றியிருக்கின்றன. ஆனால் உங்கள் ஊர் லேபில் எந்த முறை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

என்ன செய்யலாம்? தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்தும்படி அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்கிறது. அதை அப்படியே பின்பற்றுங்கள். ரத்தம் எடுக்க வரும் பெண்ணிடமும், அறிக்கையைப் பார்க்கும் மருத்துவரிடமும் பயோட்டின் சாப்பிடுவதையும் அளவையும் சொல்லுங்கள். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் பலரும் "இல்லை" என்கிறார்கள். முடிக்குப் போடும் மாத்திரையை அவர்கள் மருந்தாகவே நினைப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தில் அவர்கள்தான் பேச வேண்டியிருக்கும். அவசர நேரத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், தகவலைச் சொன்னால் போதும். மருத்துவர் ஈ.சி.ஜி.யையும் மற்றதையும் சேர்த்துப் பார்ப்பார்.

சாப்பாட்டில் இருந்து வரும் பயோட்டினும், 30 மைக்ரோகிராம் போன்ற சிறு அளவும் இந்தச் சிக்கலைத் தராது. பிரச்சினை மில்லிகிராம் கணக்கில் போடும்போதுதான்.

படி 8: எத்தனை மாதம் பார்ப்பது

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். கைவிரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர். அடியிலிருந்து நுனிவரை புதிதாக வர 6 மாதம் ஆகும். கால் பெருவிரல் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல். ஆகவே எதைத் தொடங்கினாலும் 3 மாதத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. தொடங்கும் நாளில் வகிட்டையும் நகங்களையும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுங்கள். கண்ணாடி முன் நின்று தினமும் எண்ணிக்கொண்டிருந்தால் மனம்தான் சோரும். மருத்துவர் சொன்ன காலம் வரை போட்டும் படத்தில் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அடுத்த அட்டை வாங்க வேண்டாம்.

ஆதாரம் எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் கொடுத்த ஆய்வுகளை 2017இல் ஒரு தொகுப்புக் கட்டுரை திரட்டிப் பார்த்தது. கிடைத்தவை 18 நோயாளிகளின் விவரங்கள். எல்லோருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் முடியையோ நகத்தையோ பாதிக்கும் ஒரு நோய் ஏற்கெனவே இருந்தது. ஆரோக்கியமானவர்களுக்குப் பலன் தரும் என்பதற்கு அதில் சான்று இல்லை.

நகத்தின் நிலை கொஞ்சம் மேல். எளிதில் ஒடிந்து பிளக்கும் நகங்களுக்கு நாள் ஒன்றுக்கு 2.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகள் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்தன. நகத்தின் தடிமன் 25 சதவீதம் கூடியதாக அவற்றில் ஒன்று சொன்னது. இன்னொன்றில் 35 பேரில் 63 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்யப்படாத ஆய்வுகள் என்பதால் இவற்றை அறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒடியும் நகத்தோடு நிஜமாகவே சிரமப்படுகிறவர் மருத்துவரிடம் பேசிவிட்டு முயற்சி செய்து பார்ப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம். அதற்கும் முன்னால் பாத்திரம் தேய்க்கும்போது கையுறை, வேலை முடிந்ததும் நகத்தடியில் தேங்காய் எண்ணெய், நகப்பூச்சை எடுக்கும் அசிட்டோனுக்கு இடைவெளி ஆகிய மூன்றையும் செய்யுங்கள். நாள் முழுதும் சோப்புத் தண்ணீரில் ஊறும் நகம் ஒடியத்தான் செய்யும். நகம் கரண்டிபோலக் குழிந்திருந்தால் இரும்புச்சத்தைப் பாருங்கள். மஞ்சளாகத் தடித்துப் பொடிந்தால் பூஞ்சையாக இருக்கலாம்.

தோலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குறைபாட்டால் வரும் தடிப்பு பயோட்டினால் மறையும். மற்றபடி முகம் பளபளப்பாகும், சுருக்கம் போகும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு.

குழந்தைகளுக்கு

முடி அடர்த்தியாக வளரட்டும் என்று குழந்தைக்குப் பயோட்டின் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மொட்டை அடித்தால் அடர்த்தி கூடும் என்பதைப் போலவே இதற்கும் ஆதாரம் கிடையாது. 1 முதல் 3 வயதுக்கு நாள் ஒன்றுக்கு 8 மைக்ரோகிராம் போதும். ஒரு முட்டையிலேயே அது அடங்கிவிடும்.

ஆனால் பயோட்டின் மிக அவசரமாகத் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. பயோட்டினிடேஸ் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தை, சுமார் 60,000 பிறப்பில் ஒன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் இது வரும் என்பதால் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு வாய்ப்புக் கூடும். பிறந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ வலிப்பு, உடம்பு துவண்டுபோதல், முகத்திலும் இடுக்கிலும் ஆறாத தடிப்பு, தலைமுடியும் புருவமும் உதிர்தல், மூச்சில் சிரமம் என்று வெளிப்படும். குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பிறந்த சில நாட்களிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மருந்து வேறொன்றும் இல்லை, நாள் ஒன்றுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின், வாழ்நாள் முழுதும். அறிகுறி வருவதற்கு முன் தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாமதமானால் போன காது கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. பிரசவத்துக்குச் சேரும் ஆஸ்பத்திரியில் இந்தக் குதிகால் ரத்தப் பரிசோதனை உண்டா, அதில் பயோட்டினிடேஸ் சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வலிப்போடு தடிப்பும் முடி உதிர்வும் சேர்ந்து ஒரு கைக்குழந்தைக்கு இருந்தால், எந்த மருந்துக்கடைக்கும் போகாமல் அன்றைக்கே குழந்தைகள் நல மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.